சிவப்பு விழுந்த இடத்தில் நீ சுவரைப் பார்த்தாய்

தம்பி,

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். முந்தாநாள் ஜொகூர் பாருவுக்குப் போய், உங்கள் ரயில்வே டாக்டரைப் பார்த்து, உன் கண்ணுக்குச் சிவப்பு விளக்கு தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் பெயரையும் சொன்னேன். அந்தப் பெயரைத் தேடித் தேடி உனக்கு வைத்தவள் நான். அவர் மேசைக்கு முன்னால் நின்று அதைக் காட்டிக் கொடுத்தவளும் நான்தான். அன்றிலிருந்து உன் அப்பா என்னோடு பேசவில்லை. தை மாதம் உனக்குக் கல்யாணம். அது முடிந்த கையோடு நீ சரக்கு ரயில் ஓட்டும் டிரைவராகப் போகிறாய். என்ஜின் நெருப்புக்கு முன்னால் நின்று கரி அள்ளிப் போட்டுக்கொண்டு இத்தனை வருஷம் நீ காத்திருந்த வேலை அது. அதைக் கெடுக்கப் பெற்றவளே ரயிலேறிப் போனாளா என்று கேட்பாய். கேள். குளுவாங்கில் உன் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்று பதில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன்.

எனக்கு எப்போதும் வாய் வராது என்பது உனக்குத் தெரியும். எங்கள் வம்சத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, எனக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. மதராஸில் பௌதிக வகுப்பில் கேள்விக்கு விடை தெரிந்தும் தலையைக் குனிந்துகொண்டிருப்பேன். கல்யாணமாகிக் கப்பலேறி லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு வந்த பிறகும் அப்படித்தான். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வீட்டம்மா பி.ஏ. படித்தவர்களாம் என்று லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் பார்க்க வருவார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்பேன். பேசுவதற்குப் பதில் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்குப் பழக்கம். யார் எப்படி நடக்கிறார்கள், யார் எதைத் தொடாமல் விலகுகிறார்கள், எல்லாம் என் கண்ணில் படும். உன்னையும் அப்படிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

நீ சின்னவனாக இருந்தபோது ரப்பர்ப் பால் மரங்கள் இலை உதிர்க்கும் மாதத்தில் தோட்டமே நிறம் மாறும். பச்சை மறைந்து மலைச்சரிவு முழுக்கச் செம்பாகிவிடும். வாசலில் உட்கார்ந்து நான் வாய் பிளந்து பார்ப்பேன். நீ என் மடியில் இருந்தபடி, "என்னம்மா பார்க்கிறீங்க, இலை வாடியிருக்கு, அவ்வளவுதானே?" என்பாய். குழந்தைக்கு அழகு தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ரம்புத்தான் பழுத்துச் சிவக்கும் காலம் வந்தது. பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த மரத்தில் ஏறிப் பழமாகப் பறித்துப் போட, நீ மட்டும் காயாகப் பறித்துப் போட்டாய். "டேய், கிராணி மகன் காயா பறிக்கிறான்டா! குரங்குகூடப் பழத்தைத்தான்டா பறிக்கும்!" என்று அவர்கள் கத்தினார்கள். நீ இறங்கி வந்து ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்தாய். மற்றவர்கள் கண்ணால் அறிந்ததை நீ விரலால் தேடிக்கொண்டிருந்தாய். என் அப்பாவும் அப்படித்தான் மிளகாயைக் கிள்ளிப் பார்ப்பார். அது அந்த நிமிஷமே எனக்கு ஞாபகம் வந்தது. ஆனாலும் பேசாமல் இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்துத் துரை ஊருக்குத் திரும்பிப் போனார். பங்களாவின் தொங்கு விளக்கைக் கழற்றும்போது கீழே போட்டு உடைத்துவிட்டார்கள். அங்கே வேலை செய்த ஆயா அதிலிருந்து நீளமான கண்ணாடித் துண்டு ஒன்றை எனக்குக் கொண்டு வந்து கொடுத்தாள். மூன்று பட்டை உள்ள துண்டு. கல்லூரியில் நான் கையில் வைத்திருந்த முப்பட்டகம் மாதிரியே இருந்தது. வருஷக்கணக்கில் பேசாத ஒரு சிநேகிதி வீட்டுக்கு வந்ததுபோல் எனக்குச் சந்தோஷம். பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய், தகரச் சன்னலை மூடி, அதிலிருந்த ஆணி ஓட்டை வழியாக வந்த வெயிலுக்குக் குறுக்கே அதைப் பிடித்தேன். எதிரே சுண்ணாம்பு அடித்த சுவரில் நிறங்கள் வந்து விழுந்தன. பிள்ளைகள் போட்ட கூச்சலில் மாட்டுக்கொட்டகையிலிருந்துகூட ஆட்கள் ஓடி வந்தார்கள்.

அன்று நான் வாய் திறந்து பாடம் சொன்னேன். வெள்ளை வெளிச்சம் ஒரே நிறமல்ல, பல நிறங்கள் கலந்து வருவது. காற்றிலிருந்து கண்ணாடிக்குள் போகும்போது வெளிச்சத்தின் வேகம் குறைகிறது. சாய்வாக நுழைந்தால் அதன் பாதையும் வளைகிறது. ஆனால் எல்லா நிறமும் ஒரே அளவு வளைவதில்லை. சிவப்புதான் எல்லாவற்றிலும் குறைவாக வளையும், ஊதா எல்லாவற்றையும்விட அதிகம். சன்னல் கண்ணாடியில் இது நமக்குத் தெரியாததற்குக் காரணம், அதன் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று நேராக இருப்பது. உள்ளே போகும்போது வளைந்த வெளிச்சம் வெளியே வரும்போது நிமிர்ந்துகொள்ளும். முப்பட்டகத்தின் மறுபக்கம் சரிந்திருக்கிறது. நிமிர்வதற்குப் பதிலாக வெளிச்சம் அதே பக்கமாக இன்னும் வளைகிறது. அதனால் நிறங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி வரிசையாகச் சுவரில் நிற்கின்றன. கண்ணாடி எந்த நிறத்தையும் புதிதாகச் சேர்ப்பதில்லை. உள்ளே இருந்ததைப் பிரித்துக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது.

பாடம் முடிந்து எல்லாரும் போன பிறகு உன்னை மட்டும் நிறுத்திக்கொண்டேன். கரித்துண்டு ஒன்றை உன் கையில் கொடுத்து, வெளிச்சம் தொடங்குகிற இடத்தில் ஒரு கோடு போடச் சொன்னேன். நீ போட்ட கோடு சிவப்பைத் தாண்டி உள்ளே இருந்தது.

"இங்கேர்ந்துதாம்மா ஆரம்பிக்குது."

"அதுக்கு இந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம் சுவருதானேம்மா."

சிவப்பு விழுந்த இடத்தில் நீ சுவரைப் பார்த்தாய். ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் நீலம், நடுவில் கொஞ்சம் வெளுத்த இடம், இவ்வளவுதான் உனக்கு இருந்தது. நான் கண்ணாடியைச் சட்டென்று இறக்கியதில் சுவரிலிருந்த நிறங்களும் இறங்கி ஓடின. நீ அதைப் பார்த்துச் சிரித்தாய்.

என் அப்பா மதராஸில் ஒரு ஜவுளிக்கடையில் துணி எடுத்துப் போடும் வேலையில் இருந்தார். கல்யாணத்துக்கு வந்தவர்கள் சிவப்புக் கூறைப்புடவை கேட்டபோது, அவர் கரும்பச்சையை எடுத்து விரித்து, "மங்களகரமான சிவப்பும்மா" என்று சொன்னாராம். அவர்களைக் கேலி செய்கிறார் என்று நினைத்து முதலாளி எல்லாருக்கும் முன்னால் அவரை அறைந்து வெளியே அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அவர் கைவண்டி இழுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். இந்தக் குறை தாத்தாவிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்குப் போகும் என்று பிற்காலத்தில் ஒரு புத்தகத்தில் படித்தேன். மகளுக்குக் கண் நன்றாகவே தெரியுமாம். நடுவில் நின்று கைமாற்றிக் கொடுப்பது மட்டும் அவள் பங்கு. அதைப் படித்த அன்று சமைக்கவில்லை. தலைவலி என்று உன் அப்பாவிடம் சொன்னேன்.

இதுவரை நடந்ததில் என் குற்றம் ஒன்றுமில்லை என்று நீயே சொல்வாய். அதற்குப் பிறகு நடந்ததுதான் என் நெஞ்சை அறுக்கிறது. பி.ஏ. படித்தவள் பெற்ற பிள்ளைக்கு நிறம் தெரியாது என்று ஊர் பேசுமே என்று பயந்தேன். உன்னை யாரும் அறையக்கூடாது என்றும் பயந்தேன். எந்தப் பயம் பெரிதாக இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை. சுவரில் நிறங்களின் வரிசை ஒருநாளும் மாறாது. ஆகவே இடத்தை வைத்துப் பெயரைச் சொல்ல உனக்குக் கற்றுக் கொடுத்தேன். வாய்ப்பாடு சொல்வதுபோல் ராகம் போட்டுச் சொல்ல வைத்தேன். பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் புதுத் துரை வந்தபோது, நீ பிரம்பை எடுத்து ஊதாவில் ஆரம்பித்துச் சிவப்புவரை ஒன்றுகூடத் தவறாமல் தொட்டுக் காட்டினாய். துரை கை தட்டினார். உன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியாக நீ தொட்ட இடத்தில் உனக்கு ஒன்றுமே இல்லை என்பதை அறிந்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான். நானும் எல்லாரோடும் சேர்ந்து கை தட்டினேன்.

வளர்ந்த பிறகு உனக்கு ரயில் பைத்தியம் பிடித்தது. கண் பரீட்சையில் கம்பளி நூல் கண்டுகளைக் குவித்து வைத்து நிறம் பார்த்து எடுக்கச் சொல்வார்கள் என்று லாபிஸ் ஸ்டேஷனில் விசாரித்துவிட்டு அப்பா வந்து சொன்னார். அவருக்கு அது வெறும் செய்தி. உன் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். சிங்கப்பூரிலிருந்து நூல் வரவழைத்தேன். சிவப்பு உனக்கு இருண்டு தெரியும், அதனால் கறுத்ததை ஒரு பக்கம் ஒதுக்கு, வெளுத்ததை இன்னொரு பக்கம் ஒதுக்கு, சந்தேகம் வந்தால் சன்னலோரம் கொண்டுபோய்ப் பார் என்று தினமும் உன்னை உட்கார வைத்துப் பழக்கினேன். படித்த படிப்பையெல்லாம் அதில் கொட்டினேன். நீ தேறினாய். வீடு முழுக்க மைசூர்பாகு வாசனை. நீ என் காலில் விழுந்து, "உங்களாலதாம்மா" என்றாய். உண்மைதான் தம்பி, என்னாலதான்.

இத்தனை நாளும் மனதுக்கு ஒரு சமாதானம் சொல்லி வந்தேன். பகலில் சிக்னல் கட்டை ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்பது உனக்கு நன்றாகத் தெரியும். இருட்டில் பக்கத்தில் டிரைவர் அண்ணன் இருக்கிறார். நீ கரி அள்ளுபவன்தானே என்று இருந்தேன். போன மாதம் கல்யாணப் பேச்சுக்கு வீட்டுக்கு வந்தாயே, சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து தண்டவாளத்தை ஒட்டி நாம் இருவரும் நடந்து வந்தோம். மழை விட்டு லேசாக இருட்டத் தொடங்கியிருந்தது. நீ திரும்பிப் பார்த்து, "அலமாக்! சிக்னல் விளக்கு அணைஞ்சு கிடக்கும்மா. அந்த ஆளு குடிச்சிட்டுத் தூங்கிட்டான் போல" என்று சிரித்தாய்.

நானும் பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நல்ல சிவப்பு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமாம்ப்பா, தூங்கிட்டான் போல" என்று சொன்னேன். அதைச் சொல்லிவிட்டுக் கல்யாணத்துக்கு எத்தனை படி அரிசி வேண்டும் என்று பேச்சை மாற்றினேன். ஆனால் வீடு வந்து சேரும்வரை அந்த விளக்கையே நினைத்துக்கொண்டு நடந்தேன். நான் உனக்குக் கற்றுக் கொடுத்தது வரிசை. முப்பட்டகம் நிறங்களைப் பிரித்து வரிசையில் நிறுத்தும், அதனால் நீ இடத்தைப் பார்த்துப் பெயர் சொன்னாய். இருட்டில் ஒற்றையாக எரியும் விளக்குக்கு வரிசை ஏது? நூலைச் சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்ததுபோல் அதைக் கொண்டுபோகத்தான் முடியுமா? பக்கத்திலிருந்தால் மங்கலாகத் தெரியும், தூரத்தில் இருந்தால் தெரியவே தெரியாது. அடுத்த மாதம் உன் பக்கத்தில் டிரைவர் அண்ணன் இருக்க மாட்டார், அந்த இடத்தில் நீ இருப்பாய். கரி போட ஒரு புதுப் பையன் உன்னை நம்பி நிற்பான். எதிரே வருகிற வண்டியில் தைப்பூசத்துக்குப் போகிற குடும்பங்கள் இருக்கும்.

உன் அப்பாவிடம் முதலில் சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"இத்தனை வருஷமா எங்கிட்டக்கூடச் சொல்லல. இப்ப ஊருக்குச் சொல்லப் போறியா?"

"ஊருக்கு இல்லீங்க. டாக்டருக்கு மட்டும்."

"ரயில் ஓட்டுற மாப்பிள்ளைன்னுதானே பொண்ணு கொடுக்கிறாங்க. அது தெரியுமா உனக்கு?"

"தெரியுங்க."

"அவனே சமாளிச்சுக்குவான். இதுவரைக்கும் சமாளிக்கலியா?"

இதுவரை சமாளிக்க வைத்தது யார் என்று அவருக்குச் சொன்னேன். நூல் கண்டுகளைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுந்து போய்விட்டார். மறுநாள் நான் மட்டும் ரயிலேறினேன். வாழ்க்கையில் முதல்முறையாகத் தனியாக. வழி நெடுக, முன்னால் வண்டி ஓட்டுகிறவருடைய தாய் யாரோ, அவள் என்ன கற்றுக் கொடுத்தாளோ என்று நினைத்துக்கொண்டே போனேன்.

டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் முறை வரும்போதெல்லாம் பக்கத்திலிருந்தவரை உள்ளே போகச் சொன்னேன். கடைசியில் யாரும் மிச்சமில்லை. அவர் நம் ஆள்தான், வயதானவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க அவனோட சின்னம்மாவா?"

"அம்மாங்க."

"பெத்த அம்மாவா?"

"ஆமாங்க."

அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இங்க பாருங்கம்மா, நான் கூப்பிட்டு அனுப்பினா அது வேற மாதிரி ஆயிடும்லா. ஏமாத்தினான்னு எழுத வேண்டி வரும், வேலையே போயிடும். அவனே வந்து கண்ணைத் திரும்பப் பாருங்கன்னு கேட்டா, ஆபீஸ் பக்கமோ கூட்ஸ் ஷெட்டுக்கோ மாத்தி விடலாம். திங்கக்கிழமை வரைக்கும் நான் எதுவும் எழுதல. அதுக்கு மேல என்னால சும்மா இருக்க முடியாது."

அவ்வளவுதான் நான் உனக்கு வாங்கி வந்தது. டிரைவர் வேலை போய்விட்டது தம்பி. அதை நான்தான் போக்கினேன். வேறு ஒரு வேலை மிஞ்சுமா என்பது மட்டும் உன் கையில் இருக்கிறது. நீ பேசாமல் இருந்துவிட்டால், ஏமாற்றியவன் என்ற பெயர் வாழ்நாள் முழுக்க உன்னோடு வரும். அந்தப் பெயர் எனக்கு உரியது, உனக்கு இல்லை.

தனலட்சுமியிடமும் நீயே சொல்லிவிடு, தாலி கட்டுவதற்கு முன்னால். என்ஜின் ஓட்டுகிறவனுக்குத்தான் கழுத்தை நீட்டுவேன் என்று அவள் சொன்னால் கோபிக்காதே, அது அவள் உரிமை. வருகிறேன் என்று சொன்னால் இன்னொன்றையும் சொல். உங்களுக்கு மகள் பிறந்தால் அவளுக்கு எல்லா நிறமும் தெரியும், ஆனால் அவள் பெறும் மகனுக்குத் தெரியாமல் போகலாம். அந்தக் குழந்தை காய் பறித்து வந்தால் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்து, உனக்கு இது தெரியாதுடா, எனக்கும் தெரியாது என்று சொல்லுங்கள். அதோடு விடுங்கள். பெயர் சொல்லப் பழக்காதீர்கள். பிள்ளைக்கு இல்லாததை இருப்பதுபோல் காட்டக் கற்றுக் கொடுப்பது பாசம் என்று நினைத்துவிட்டேன். நான் மறைத்தது என் வெட்கத்தை, அதைச் சுமந்தது நீ.

மன்னித்துவிடு என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். மன்னிப்பதற்கு உனக்கு அவகாசம் வேண்டும், திங்கட்கிழமைக்குள் அது ஆகாது. கோபத்தோடு வந்தால் போதும். அன்று காலை வண்டியில் நான் ஜொகூர் பாருவுக்கு வந்துவிடுவேன், அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். என்னைப் பார்க்காததுபோல் நீ உள்ளே போகலாம். "எனக்குச் சிவப்பு தெரியாது" என்று அவரிடம் சொல், அது ஒன்று போதும். கம்பளி நூலை யார் கற்றுக் கொடுத்தது என்று அவர் கேட்டால் கதவைத் திறந்து விடு. நான் உள்ளே வந்து சொல்கிறேன்.

அம்மா